காமு மறைத்த சொல்

காமுவின் கோபத்துக்கு அந்த மார்கழியோடு மூன்று வயது முடிந்திருந்தது. மூன்று வயதில் ஒரு குழந்தை என்னென்ன செய்யும் என்று காமுவைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்லுவாள். தானே சாப்பிடும், செருப்பை இடம் வலம் பார்த்துப் போடும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும். அவளுடைய கோபமும் அத்தனையும் செய்தது. யார் துணையும் இல்லாமல் நன்றாகவே வளர்ந்திருந்தது.

தெற்குக் கல்கத்தா டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய பழைய மூன்று மாடி வீட்டில், முதல் மாடியில் காமுவும் அவள் புருஷன் வெங்கடராமனும் இருந்தார்கள். அவர் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். காமுவின் தாத்தா கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து நூறு வருஷம் ஆகப்போகிறது. கீழே, தெருவைப் பார்த்த பெரிய அறையில்தான் பத்தொன்பது வருஷம் காமு குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். எட்டு மாதக் குழந்தையிலிருந்து நாலு வயதுவரை, எந்த நேரமும் பத்துப் பதினோரு உருப்படிகள். வங்காளிக் குழந்தை, மார்வாடிக் குழந்தை, தமிழ்க் குழந்தை எல்லாம் ஒரே குழைந்த சாதத்தைத் தின்று ஒரே பாயில் தூங்கின.

அங்கே பலகை கிடையாது, சுவரில் எழுத்துப்படம் கிடையாது. டப்பாவுக்கு மூடி தேடச் சொல்லுவாள். வந்தவர்களின் செருப்பை ஜோடி சேர்க்கச் சொல்லுவாள். குளிர்காலத்தில் கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு பச்சைப் பட்டாணி குவியும். ஒரு கூடை வாங்கி நடுவில் கொட்டிவிடுவாள். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து உரிக்கும். ஒன்றில் எட்டு மணி இருக்கிறதே, இன்னொன்றில் ஏன் நாலு என்று ஒரு வாண்டு கேட்கும். பென்சிலைப் பிடிக்கப்போவது அதே ரெண்டு விரல்தானே, முதலில் அது பட்டாணியைப் பிடிக்கட்டும் என்பது காமுவின் கட்சி. எந்தக் காலேஜிலும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. பத்தொன்பது வருஷம் தரையில் உட்கார்ந்து பார்த்தது.

இதற்குத்தான் ரஞ்சனா வேட்டு வைத்தாள்.

ரஞ்சனா ஈரோட்டுக்காரி, குடியிருந்தது அடுத்த தெருவில். நியூ டவுனில் ஐ.டி. கம்பெனி வேலை, புருஷன் ஜெய்ராமும் அங்கேதான். மூத்தவன் நவநீத் காமுவிடம் ஒன்றரை வயதில் வந்து சேர்ந்தான். மூன்றரை வயதில் அவனை ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நேர்காணலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏ, பி, சி சொல்லச் சொன்னதற்கு, மேஜையில் இருந்த பேனாக்களுக்கெல்லாம் சரியான மூடியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இடம் கிடைக்கவில்லை. அன்றைக்கே ரஞ்சனா பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். பதினோரு குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் படம். கீழே ஒரு வரி: பள்ளிக்கு அனுப்புகிறோமா, சமையற்கட்டு வேலைக்கு அனுப்புகிறோமா?

அந்தப் படம் குழுவை விட்டு ஓடியது. வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். காமு வீட்டுச் சமையலுக்குத்தான் குழந்தைகள் உரிக்கின்றன என்றார்கள். ஒரே மாதத்தில் பதினோரு குழந்தைகளும் போய்விட்டன. வீட்டுக்காரர் அறையைக் கேட்டார், இப்போது அங்கே மொபைல் ரிப்பேர் கடை. தெருவில் மீன் விற்கிறவள்கூட, அண்ணி முறை வைத்து, "பௌதி, சின்னப் பிள்ளைகளை வேலை வாங்கினாயாமே" என்று கேட்டாள். அய்யர் வீட்டு மாமி மீன்காரியிடம் நின்று என்ன வழக்காடுவது. காமு மாடியேறி வந்து, கொதிக்கிற ரசத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

அடித்தவன் மறந்துபோவான், அடிபட்டவன் மறக்கமாட்டான். மூன்று வருஷம் கழித்து, ஒரு ஜனவரி காலையில், அதே ரஞ்சனா இடுப்பில் ஒரு பெண்குழந்தையும் கையில் வெல்லச் சந்தேஷ் இனிப்பு டப்பாவுமாக வாசலில் வந்து நின்றாள்.

குழந்தை பெயர் மாதவி, கூப்பிடுவது மாது. மூன்று வயதுக்கு ரெண்டு மாதம் குறைச்சல். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜெய்ராமைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். மாதுவைப் பார்த்துக்கொண்ட வங்காளி ஆயா, தன் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. நியூ டவுனில் சேர்த்த மழலைப்பள்ளி, பேச்சு வந்தபிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கையை விரித்துவிட்டது. இத்தனையையும் ரஞ்சனா நின்ற நிலையிலேயே சொன்னாள். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"உங்கள விட்டா எனக்கு இங்க ஆருங்க மாமி இருக்கறாங்க. நவநீத்த நீங்கதான வளத்துனீங்க" என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காமு குழந்தையை வாங்கிக்கொண்டாள். பணம் எதுவும் வேண்டாம் என்றாள். வெங்கடராமன் பேப்பரை இறக்கிப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார் பாவம். காமுவுக்கே அப்போது தெரியாது, தான் என்ன செய்யப்போகிறோம் என்று. குழந்தை கைக்கு வந்தது, ரஞ்சனாவின் குரல்வளையும் கூடவே வந்தது போல் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வாரம் மாது கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். காமு கூப்பிடவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. அடுக்குடப்பாக்களைத் தரையில் பரப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குழந்தை நகர்ந்து வந்தது. ஒரு மூடியை எடுத்து ஒரு டப்பாவில் வைத்தது. சேரவில்லை. இன்னொரு டப்பாவைத் தேடிப் போகாமல் மூடியைக் கையில் திருப்பிப் பார்த்தது, எல்லா டப்பாவையும் கண்ணால் ஒரு சுற்று அளந்தது, அப்புறம் நேராகப் போய்ச் சரியானதில் அழுத்தியது. காமு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்துப் பார்த்துத் தப்புப் பண்ணிக் கற்பது ஒரு வயசு. கை வைக்குமுன் மனசுக்குள் வைத்துப் பார்ப்பது அடுத்த வயசு. இது மந்தமான குழந்தை இல்லை.

பேச்சு ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அம்மா தமிழ், ஆயா வங்காளம், பள்ளிக்கூடம் ஹிந்தியும் இங்கிலீஷும். நாலு குழாயும் ஒரே பாத்திரத்தில் கொட்டுகின்றன. சில குழந்தைகள் அதில் அள்ளி இறைக்கும். சில, எல்லாம் தெளியட்டும் என்று காத்திருக்கும். இவள் ரெண்டாம் ரகம். காமு ஒரே பாஷையில், ஒரே சின்ன வாக்கியமாக, செய்கிறதைச் சொல்லிக்கொண்டே செய்தாள். தண்ணி விடறேன். மூடி போடறேன். மூடி எங்கே?

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம், காமு ஒரு மூடியை முந்தானையில் ஒளித்துக்கொண்டபோது, குழந்தை கையை நீட்டித் தெளிவாகச் சொன்னது: "மூடி தாவ்." மூடி தமிழ், கொடு என்பதற்கு ஆயாவின் வங்காளம். காமு அவளை வாரி எடுத்துக் கூடம் முழுக்கச் சுற்றினாள். வெங்கடராமனும் எழுந்து வந்து, திரும்பச் சொல்லு திரும்பச் சொல்லு என்று கெஞ்சினார். அன்று சாயங்காலம் ஆறு மணி எப்போது ஆகும் என்று காமு நிஜமாகவே காத்திருந்தாள். கோபத்தைக்கூட அந்த நாலு மணி நேரம் மறந்திருந்தாள்.

ரஞ்சனா வந்தாள். தரையில் ஒரு முறம் பட்டாணி கிடந்தது, மாது அதை உரித்துக்கொண்டிருந்தாள். காமுவின் வாயில் செய்தி வந்து நின்றது. அதற்குள் ரஞ்சனா சிரித்தாள்.

"அட, பட்டாணி உரிக்கிறாளா. நவநீத்தோட ஸ்கூல்லகூட போன வாரம் இதான் மாமி ஆக்டிவிட்டி. வெரலுக்கு நல்லதாமா. அதுக்குன்னே தனியா ஒரு டீச்சர் போட்டுருக்கறாங்க. போட்டோ எல்லாம் அனுப்பிச்சாங்க, பாருங்க."

போனை நீட்டினாள். சீருடை போட்ட குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து பட்டாணி உரித்தன. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். ரஞ்சனாவின் முகத்தில் குத்தலும் இல்லை, வெட்கமும் இல்லை. அவளுக்கு ஞாபகமே இல்லை. பத்தொன்பது வருஷத்தை ஒரு விரலால் அழித்துவிட்டு, அழித்தது தெரியாமலே இருந்திருக்கிறாள். திட்டியிருந்தால்கூடக் காமு தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை.

"இன்னிக்கு ஏதாச்சும் பேசுனாளா மாமி?"

"இல்லையே" என்றாள் காமு.

அந்த ஒரு சொல் வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் கரைந்தது. அன்றிரவு அவள் ரெண்டு கரண்டி சாதம் கூடப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அது நடந்தது. பகலெல்லாம் காமு குழந்தைக்கு உயிரைக் கொடுத்து உழைத்தாள். ஜன்னலில் நிறுத்திக் கேனிங் லோக்கல் ரயிலைக் காட்டினாள், "இன்னொண்ணு" என்று மாது சொல்லும். காலி டம்ளரை ஆற்றி ஆற்றிக் காபி குடிப்பதுபோல் பாவனை செய்தால், குழந்தை சுடுகிறது என்று உதட்டைக் குவிக்கும். இல்லாததை இருப்பதாக நினைக்க வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பத்துச் சொல் இருபதாயிற்று, ரெண்டு ரெண்டு சொல்லாகச் சேர்ந்தது. குழந்தை எவ்வளவுக்கு எவ்வளவு தேறியதோ, சாயங்காலம் ‘இல்லையே’ சொல்வது அவ்வளவுக்கு அவ்வளவு ருசித்தது. இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்வதில்தானே ருசி.

கீழே கேட் சத்தம் கேட்டால், மாது பேச்சு நடுவில் இருப்பாள். காமு ‘உஷ்’ என்று உதட்டில் விரல் வைப்பாள். டப்பாக்களை வாரி உள்ளே தள்ளுவாள். முகத்தை மாற்றிக்கொள்வாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குழந்தைகளைப் பற்றி அத்தனை தெரிந்தவளுக்கு அந்தப் பார்வை மட்டும் கண்ணில் படவில்லை.

"நவநீத் இந்த வயசிலே எப்படிப் பேசினான், இல்லை?" என்பாள் ரஞ்சனாவிடம். "டாக்டர் என்னதான் சொல்றார்? காதைப் பார்த்தாளா? மூளையைப் படம் எடுக்கணும்பாளே." ஒவ்வொன்றும் ஊசி. ரஞ்சனா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, காமு போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அழுவாள். தன் வேலைதான் இதற்குக் காரணம், தான்தான் குழந்தையைக் கவனிக்கவில்லை என்பாள். காமு அவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் தான் எந்த அடுப்புக்கு முன்னால் நின்று அழுதோமோ அதே அடுப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வெங்கடராமனுக்கு விஷயம் தெரிய ரெண்டு வாரம் ஆயிற்று. பகலில் வாய் ஓயாத குழந்தை சாயங்காலம் ஊமையாகப் போவதை ஒருநாள் கூடத்திலிருந்து பார்த்துவிட்டார். ரஞ்சனா போனதும் கேட்டார். காமு மறைக்கவில்லை.

"அவ மேலே கோபம்னா அவளைத் திட்டு. நாலு பேர் எதிர்க்க வேணும்னாலும் திட்டு. அந்தக் கொழந்தையை எதுக்குடி நடுவிலே நிறுத்தறே?"

"நான் கொழந்தைக்கு என்ன குறை வெச்சேன்? பேச வெச்சதே நான்தான். சொல்லலை, அவ்வளவுதானே. ஒருநாள் சொல்லுவேன். இதோ பாருடி, உனக்கு ஒண்ணும் தெரியலை, எனக்குத் தெரிஞ்சுதுன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். அன்னிக்குத்தான் எனக்கு அடங்கும்."

"என்னிக்கு?"

காமு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் ரெண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தார். ரஞ்சனாவிடம் தானே சொல்லவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பெண்டாட்டி சொல்லுக்கு எதிர் சொல் சொல்லாதவர், திடீரென்று எங்கே போவார்.

சரஸ்வதி பூஜை வந்தது. வங்காளத்தில் குழந்தைக்கு முதல் எழுத்தை அன்றைக்குத்தான் எழுதவைப்பார்கள். தெருமுனைப் பந்தலில் மஞ்சள் புடவை கட்டிய பெண்களும் மஞ்சள் பாவாடை கட்டிய சிறுமிகளுமாகக் கூட்டம். ரஞ்சனா மாதுவுக்கும் மஞ்சள் உடுத்திக் கூட்டிவந்தாள். இப்படியாவது தேவி வாயைத் திறக்கமாட்டாளா என்ற ஆசை. புரோகிதர் குழந்தையின் கையைப் பிடித்துப் பலகையில் அகரம் எழுதவைத்தார். சொல்லம்மா, அ என்றார். மாது அ சொல்லுவாள். நேற்றுக்கூடச் சொன்னாள். அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் காமுவைத் தேடினாள். காமு நின்றாள், முகத்தை எப்போதும்போல் இறுக்கிக்கொண்டு. குழந்தை வாயை மூடிக்கொண்டது.

மூன்று தடவை கேட்டார் புரோகிதர். பின்னால் ஒரு பெண் "ஆஹாரே, ஊமைபோல" என்று வங்காளத்தில் பரிதாபப்பட்டாள். மீன்காரியும் அங்கே இருந்தாள். ரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டு குழந்தையைத் தூக்கிப் பந்தலை விட்டுப் போனாள். தெரு முழுக்கப் பார்த்தது. காமு வேண்டியதெல்லாம் இதுதான், வட்டியும் முதலுமாக. வீட்டுக்கு வந்து பிரசாதக் கிச்சடியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கூட்டத்தில் தன்னைத் தேடிய அந்தக் கண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நாலாம் நாள் ரஞ்சனா ஆபீஸ் போகாமல் காலையிலேயே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இவளோட பெரியப்பா நாளன்னைக்கு வர்றாருங்க மாமி. ஞாயித்துக்கெழம சாந்த்ராகாச்சி ஸ்டேசன்ல இருந்து வண்டி. ஈரோட்டுல பேச்சு வராத கொழந்தைங்களுக்குன்னு ஒரு எடம் இருக்குதாமா. ரெண்டு வருசம் அங்க இருக்கட்டும்னு சொல்றாங்க. நவநீத் படிப்பு, என்ற வேலை, நான் இங்க இருந்துதான ஆகோணும். என்னால முடியலீங்க மாமி. பெத்த எனக்கு இவள வளத்தத் தெரியல."

ரெண்டு வருஷம். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை. அந்த ரெண்டு வருஷம் ஒரு குழந்தைக்கு என்ன என்று காமுவுக்குத் தெரிந்த மாதிரி அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பேசத் தெரிந்த குழந்தையை, பேசாத குழந்தைகளுக்கு நடுவில், அம்மா இல்லாமல். மூஞ்சிக்கு நேரே சொல்லவேண்டும் என்று சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அவ பேசறாடி" என்றாள் காமு. "இந்த வாரமாத்தான். நீ இல்லாதப்போ பேசறா."

பாதி நிஜம் சொன்னாள். மீதிப் பாதியை, எத்தனை நாளாக என்பதை, அப்போதும் மறைத்தாள்.

ரஞ்சனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ற மனசு ஆறட்டும்னு சொல்றீங்க மாமி. எனக்குத் தெரியுது."

காமு மாதுவைக் கூப்பிட்டாள். டப்பா, மூடி எல்லாவற்றையும் பரப்பினாள். இது என்ன என்றாள், ரயில் எங்கே என்றாள், காபி சுடறதா என்றாள். மாது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமு கெஞ்சக் கெஞ்ச அவள் காமுவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். போனில் பிடித்து அனுப்பலாமென்றால், போனைத் தூக்கினாலே குழந்தை படம் பார்க்க மடியில் வந்து உட்கார்ந்துவிடும், வாய் திறக்காது.

வெங்கடராமன்தான் வழி சொன்னார். ரஞ்சனா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கட்டும். நாலு படி தடதடவென்று இறங்கிவிட்டுச் சத்தமில்லாமல் ஏறி வரட்டும். ரஞ்சனாவுக்கு நம்பிக்கை இல்லை, பெரியவர் சொல்கிறாரே என்று எழுந்தாள். காமுவுக்கு உயிர் வந்தது. குழந்தை ஒரு சொல் சொன்னால் போதும். ரஞ்சனா அழுவாள், சிரிப்பாள், டிக்கெட்டை ரத்து செய்வாள். ஒரு மாதக் கதை யாருக்கும் தெரியவேண்டாம். தான் நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

கதவு மூடியது. செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. மாது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதும் எழுந்து கதவுவரை நடந்து போய், காதை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து காமுவின் மடியில் கையை ஊன்றி, முகத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் அதுவரை சொன்னதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"அம்மா போயாச்சு. உஷ் வேண்டாம். இப்போ பேசலாம்."

காமு கற்றுக்கொடுத்தது அறுபது எழுபது சொல். கற்றுக்கொடுக்காமல் குழந்தை கற்றது இது.

கதவு திறந்தது. மாது அம்மாவைக் கண்டதும் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, சரியாகச் செய்தேனா என்பதுபோல் காமுவைப் பார்த்தாள். ரஞ்சனாவுக்கு வேறு எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளா மாமி?"

"பொங்கலுக்கு மறுநாள்லேருந்து."

"எதுக்குங்க?"

காமு சொன்னாள். பட்டாணி, படம், பதினோரு குழந்தைகள், வார்டு ஆபீஸ் ஆள், மீன்காரி, எல்லாம். மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்த பேச்சு, சொல்லும்போது மளிகைக்கடைக்காரனிடம் முறையிடுவது மாதிரி இருந்தது. ரஞ்சனா கேட்டுக்கொண்டாள். அவள் கண் ஒரு நிமிஷம் எங்கேயோ தேடியது, பிறகு கண்டுபிடித்தது. ஆமாம், அப்படி ஒன்று போட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தை ரெண்டு பேரும் தாண்டிவிட்டார்கள்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். காமு பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"மொத மொத அவ சொன்னது என்ன வார்த்தைன்னாவது கேட்டுக்கோடி. பெத்தவ நீ, அது உனக்குத் தெரியணும். அவ சொன்னது..."

"வேண்டாம், சொல்லாதீங்க" என்றாள் ரஞ்சனா. குரலை உயர்த்தவில்லை. "அத நீங்களே வெச்சுக்குங்க. என்ற மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொன்னீங்கள்ல, அத்தன நாளும். அதும்கூட இதையும் வெச்சுக்குங்க."

படியிறங்கிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சி வண்டியில் பெரியப்பா தனியாகத்தான் போனார் என்று வெங்கடராமன் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். அடுத்த மாதமே ரஞ்சனா வீட்டை நியூ டவுனுக்கு மாற்றிக்கொண்டாள். காமு இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை.

மாது தன் அம்மாவிடம் முதலில் என்ன பேசினாள், என்றைக்குப் பேசினாள் என்பதை யாரும் காமுவுக்குச் சொல்லவில்லை.